வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்

எண்ணூர் போகும் சாலையில், கண்டெய்னர் லாரிகளை அனுப்பும் சின்ன ஆபீஸ் ஒன்றில் அப்போது எனக்கு டைப் அடிக்கிற வேலை. ராயபுரத்து மீன்கார வீட்டுப் பெண் நான். பக்கத்து மேஜையில் சீனியர் கிளார்க். கழுத்தில் டை, சட்டையில் சென்ட், வாயைத் திறந்தால் செய்தி வாசிக்கிற தமிழ்.

ஒருநாள் போனில் லாரி டிரைவரிடம், "வண்டி வந்துகினு கீதா இல்லியா? இன்னா நைனா பேஜாரு பண்றே!" என்று கத்தினேன். அந்தப் பாவி அதை மைக்கில் பிடித்துவிட்டான். தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, தப்பு நடந்தால் வரும் 'டிங்' சத்தத்துக்குப் பதிலாக என் குரல் வரும்படி செய்தான். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ஒயரில் இணைந்தவை. என்னுடையதிலும் அதே கூத்து. ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்த வாரம் மேனேஜர் வருகிறார், போனில் பேசும் மேஜைக்கு எங்கள் இருவரில் ஒருவரைப் பொறுக்க. இதைக் கேட்டால் என் கதை கந்தல்.

அழிக்கப் போனேன். 'முடியாது, இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்' என்று திரையில் கட்டம் வந்தது. கூடவே என் குரலே என்னைக் கேட்டது: "இன்னா நைனா பேஜாரு பண்றே!" பத்துத் தடவை அழுத்தினேன், பத்துத் தடவையும் ஏச்சு வாங்கினேன். வேறொருவர் யார்? மெஷின் எழும்போதே அது திறந்துகொள்ளும்படி செய்துவிட்டு, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவன்தான். இருடா, உனக்கு வைக்கிறேன் ஆப்பு என்று கறுவிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் பேசுவான். அவனுடைய மைக்கையே என் கம்ப்யூட்டரில் செருகி, போனுக்குப் பக்கத்தில் காலண்டருக்குப் பின்னால் வைத்தேன். பிறகு போட்டுக் கேட்டால், அடேங்கப்பா! "யம்மா, வூட்டுக்கு வந்துகினேதான் கீறேன், கூவாதே!" எங்கள் தெருப் பேச்சு, அட்சரம் பிசகாமல்.

மேனேஜர் வருகிற அன்று காலை அவன் டீ குடிக்கப் போனான். அவன் கம்ப்யூட்டரை அணைத்து, மவுஸ் வேலை செய்யாத கறுப்புத் திரையில் எழுப்பினேன். கட்டளையை டைப் அடித்தால்தான் அங்கே வேலை நடக்கும். நான் இன்ஸ்டிடியூட்டில் படித்ததே அதுதான். மவுஸை விட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே எந்தக் கோப்பும் திறந்திருக்கவில்லை, வேறொருவரும் இல்லை. ஒரே வரியில் என் குரல் ஒழிந்தது. அதே பெயரில், ஃப்ளாப்பியிலிருந்து அவன் குரலை வைத்தேன். மெஷின் பழையபடி எழுந்ததும் என் மேஜையிலிருந்து அதைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் முன்னால் அவன் பிரிண்ட் கொடுத்தான். பிரிண்டரில் பேப்பர் இல்லை. "யம்மா, வூட்டுக்கு வந்துகினேதான் கீறேன், கூவாதே!"

மேனேஜர் குலுங்கிச் சிரித்தார். "அட, நீங்களா இது?"

அவன் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, நான் இல்லை சார். இப்படிக் கலீஜாக நான் பேசவே மாட்டேன்."

"அப்போ இந்தப் பேச்சுல லாரிக்காரங்ககிட்ட யாரு பேசறது?"

"நான் பேசறேன் சார்" என்றேன். போன் அன்றைக்கே என் மேஜைக்கு வந்தது.

மேனேஜர் போனதும் அவன் வியர்க்க விறுவிறுக்க அதை அழிக்கப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கட்டம், ஒவ்வொரு தடவையும் யம்மா. கடைசியில் என் பக்கம் திரும்பினான். "இன்னாமே இது, போவ மாட்டேங்குது?"

செய்தி வாசிக்கிற தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: "மன்னிக்கவும் சார். வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்."