லக்சம்பர்க்கை வலம் வருதல்

மராட்டிய மாநிலத்தின் கட்கி ரயில் நிலையத்துப் பெஞ்சில் லக்சம்பர்க் நாட்டின் வரைபடத்தை விரித்திருக்கிறோம். அச்சிறு நாட்டை நானும் என் மனைவியும் வழிகாட்டியின்றிச் சுற்றிவர எண்ணம். போகும் ஊர்களின் வரிசையை விசா படிவத்தில் எழுதி இன்றே கொடுத்தாக வேண்டும். ஆனால் எங்களுக்குத் தோதான பேருந்துகள் யாவும் நாட்டை வலமாக இன்றி இடமாகவே சுற்றுகின்றன.

"அப்பிரதட்சிணமா நான் வரமாட்டேன். நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ."

"அது கோயில் இல்லையே?"

"சுத்தறதுன்னு ஆனப்புறம் எதுவா இருந்தா என்ன?"

அன்றாடம் பாசுரம் ஓதும் நான் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறேன்.

தேநீர் தருபவர் இங்குள்ள தமிழரோடு வளர்ந்த மராட்டியர்; என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்பார். கழுத்தில் துளசி மாலை. வரைபடத்தை எட்டிப் பார்க்கிறார்.

"காகா, இடமா சுத்தினா அந்த நாடு உங்க இடது கை பக்கம். வலது கை பக்கம்?"

"மிச்ச உலகம் பூரா."

"நம்ம பண்டர்பூர் கோயில்?"

"அதுவும்."

"உங்க ஸ்ரீரங்கம்?"

"அதுவுந்தான்."

"அப்புறம் என்ன காகா! ஒரே ரவுண்டுல எல்லாத்துக்கும் பிரதட்சிணம் ஆயிடுச்சே!"

மனைவி சற்றே கண்மூடிக் கைகூப்புகிறாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டுகிறாள்.

"மூணு சுத்துன்னு எழுதுங்கோ. ஒண்ணோட நிறுத்தப்படாது."