ஈயக் குளத்தின் அடியிலிருந்து வந்த பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். படிப்பைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் கவலைப்பட எனக்கு இஞ்சின் சூடு, எண்ணெய்க் கசிவு என்று நிஜமான விஷயங்களே போதும். இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உருவான பெரிய குளத்தின் அடியில், ஒரு குழு இரும்பு அறையை இறக்கி வைத்திருந்தது. விண்வெளிக்குப் போக நினைப்பவர்கள் அதற்குள்ளேயே தங்கி வேலை செய்து பழக வேண்டும். கரையிலிருந்து குழாய் வழியாக அவர்களுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் என் பொறுப்பு. உள்ளே இருந்தவர்களில் என் சித்தப்பா மகள் செல்வியும் ஒருத்தி, இஞ்சினியர். இதில் தேறினால்தான் வெளிநாட்டுப் பயிற்சி.

தூரத்துக் கிரகத்தில் இருப்பதுபோல் பழக வேண்டுமாம், அதனால் போனில் பேசுவதை ஒரு கருவி பிடித்து வைத்துத் தாமதமாகத்தான் விடும். கேட்டுவிட்டு ஒரு தே தாரிக் டீ குடித்து முடித்தால்தான் பதில் வரும். அந்த இடைவெளிதான் என்னைக் கொன்றது.

"அண்ணே, நல்லா இருக்கியான்னு சும்மா சும்மா கேக்காதீங்க லா. நீங்க பயந்து எங்கள மேல ஏத்திட்டா என் சான்ஸ் போச்சு" என்று இறங்கும்போதே சொல்லியிருந்தாள். போனைக் கவனிக்கும் டேவிட், "மச்சான், ரொம்ப பயமா இருந்தா நீயும் குதிச்சிரு லா" என்பான்.

அன்று மத்தியானம் மழை கட்டி நின்றது, குளம் கறுத்துக் கிடந்தது. டேவிட் சாப்பிடப் போயிருந்தான். திடீரென்று ஒலிபெருக்கியில் செல்வியின் குரல். "சரிண்ணே, ரெண்டாவது கம்ப்ரசர்ல காத்து நல்லா வருது. பயப்படாதீங்க."

நான் எதையும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது முதல் கம்ப்ரசர். அவசரத்துக்கென்று பக்கத்தில் வைத்திருந்த இரண்டாவதை அதுவரை நாங்கள் தொட்டதே இல்லை. அனுமதி இல்லாமல் மாற்றினால் பயிற்சியையே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனாலும் மாற்றினேன், ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வால்வைத் திருப்பி முடிப்பதற்குள் முதல் இஞ்சின் இருமி, கரும்புகை கக்கி நின்றது. விட்டிருந்தால் அந்தப் புகை அவர்கள் மூச்சுக்குள் போயிருக்கும்.

போனை எடுத்தேன். "தங்கச்சி, ரெண்டாவது கம்ப்ரசருக்கு மாத்திட்டேன். காத்து வருதா?"

காத்திருந்தேன். பதில் வந்தது. "என்னண்ணே, எப்ப மாத்துனீங்க? நான் தூங்கிட்டு இருந்தேன், இப்பத்தான் எழுப்புனாங்க. காத்து நல்லாத்தான் இருக்கு."

கருவியில் கோளாறு என்றான் டேவிட். இருக்கலாம். செல்வி தேறினாள், போன மாதம் விமானம் ஏறினாள்.

அந்த முதல் குரல் சொன்னதில் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. "அப்பாவ கடைசி வரைக்கும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க. என்னால வர முடியல, மன்னிச்சிருங்கண்ணே" என்றும் அது சொன்னது.

சுங்கை சிப்புட் ஊரில் அவள் அப்பா, என் சித்தப்பா, திடமாகத்தான் இருக்கிறார், சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய்விடுகிறேன். நேற்று கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன்டா, தெனம் வந்து மூஞ்சிய பாத்துட்டுப் போற? நான் என்ன சாகவா போறேன்?"