கரண்ட் போன பிறகும் ஓடிய படம்

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷின் சூடாகிற வரைக்கும் நிற்கிற நேரத்தில் ஜனங்கள் என்னென்னவோ சொல்வார்கள், கிணற்றடியில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், செத்துப்போன அத்தை கனவில் வந்து கம்மலைக் கேட்டாள் என்று. நான் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுவேன். பேய், பிசாசு, காற்று கருப்பு எதையும் நான் நம்பினவள் இல்லை, தாயத்து கட்டச் சொன்ன மாமியாரிடமே மல்லுக்கு நின்றவள். அதனால் இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் அண்ணன் பேர் ஏழுமலை. என்னைவிட எட்டு வயசு பெரியவன். அப்பா போன பிறகு என்னை வளர்த்ததும், கல்யாணம் செய்து கொடுத்ததும், வீட்டுக்காரர் இறந்த பிறகு திரும்பக் கூட்டி வந்து வைத்துக்கொண்டதும் அவன்தான். இத்தனைக்கும் நடுவில் தனக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டான். சின்ன வயசில் அவனுக்கு டி.வி., கேசட் போட்டுப் படம் ஓட்டுகிற டெக் வாடகைக்கு விடுகிற தொழில். ஜவ்வாது மலையில் கல்யாணம், திருவிழா என்றால் ஜீப்பில் டி.வி.யைக் கட்டிக்கொண்டு போவான், கேசட் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். தமிழ்ப் படம் ரெண்டு முடிந்ததும் வெளிநாட்டுப் படம் ஒன்று போடுவான். அதில் அவனுக்கு ரெண்டே வகைதான். ஒன்று பேய்ப் படம், இன்னொன்று கெட்ட கவர்மெண்ட் படம்.

அந்தப் படங்களில் ஒரு வார்த்தை தமிழ் இருக்காது. அண்ணன் டி.வி. பக்கத்தில் நின்றுகொண்டு, அவன் என்ன சொல்கிறான், அவள் ஏன் ஓடுகிறாள் என்று காட்சிக்குக் காட்சி கதை சொல்வான். இதில் வேடிக்கை என்னவென்றால், பத்தாவதில் இங்கிலீஷில்தான் அவன் ஃபெயில். அத்தனையும் சொந்தச் சரக்கு. மலைக்காரர்களுக்குப் படத்தைவிட அவன் கதைதான் பிடிக்கும்.

அதில் ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். ஓர் ஊர், வெயிலே இல்லாத ஊர், எல்லாருக்கும் பேருக்குப் பதிலாக நம்பர். நம்பர் அழிந்துபோனவனை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு பெண் கதவு கதவாகத் தட்டி யாரையோ தேடிக்கொண்டே போவாள். அவள் தேடுவது அவள் அண்ணனை என்று எங்கள் அண்ணன் சொல்வான். மூடிய கதவுகளுக்கு முன்னால் அவள் நிற்கும்போது மலைப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். கடைசியில் ஒரு கதவு திறக்கும், உள்ளே ஒருவன் இருப்பான், 'அண்ணன் கெடச்சிட்டான், சுபம்' என்று சொல்லி எங்கள் அண்ணன் அந்த இடத்திலேயே டெக்கை நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகும் படம் பத்து நிமிஷம் ஓடும். அதை அவன் யாருக்கும் காட்டினதே இல்லை, எனக்கும்கூட. அழுகிற முடிவு நமக்கு எதுக்கு என்பான்.

போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு சுத்தமாக நின்றது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆறாவது மாசத்திலிருந்து சாப்பாட்டுக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டான். கஞ்சியை ஸ்பூனில் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வான். வாணியம்பாடி டாக்டர் மூக்கில் குழாய் போட்டார், இடது கையால் ரெண்டு தடவை பிடுங்கி எறிந்துவிட்டான். இப்படியே போனால் ஒரு மாசம் தாங்காதும்மா என்று டாக்டர் சொன்ன அன்று, கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மிஷின் மேல் தலையை வைத்து அழுதேன். எனக்கு அவனை விட்டால் யார் இருக்கிறார்கள், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற மகள் மாசத்துக்கு ஒருதரம் வந்து போவாள், அவ்வளவுதான்.

அவனுக்கு ரொம்பப் பிடித்ததைக் காட்டுங்கள், ஒருவேளை பேச்சு திரும்பலாம் என்றும் அந்த டாக்டர்தான் சொன்னார். மகள் பழைய படங்களையெல்லாம் தேடி ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் சாயங்காலம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு பார்த்தால் பேய்ப் படமெல்லாம் சிரிப்பாக இருக்கிறது, பேயின் கழுத்தில் பவுடர் கோடு தெரிகிறது. கெட்ட கவர்மெண்ட் படங்களைத்தான் பார்க்க முடியவில்லை. மூலைக்கு மூலை கேமரா, ஆளுக்கு ஒரு நம்பர், நம்பர் இல்லாதவன் மனுஷனே இல்லை, இதைப் பார்த்துத்தான் அன்றைக்கு மலையில் குழந்தைகள் வீறிட்டு அழுதன. இன்றைக்கு என் கடைக்கு எதிரிலேயே நாலு கேமரா, நாள் முழுக்க நான் ஆதார் கார்டுக்குத்தான் ஜெராக்ஸ் போடுகிறேன், ஒருத்தர்கூட அழவில்லை. அண்ணன் எதற்கும் அசையவில்லை. ஒரு சொல், செல்வி என்று என் பேர், அதுபோதும் என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறேன்.

அப்போதுதான் காளியப்பன் வந்தார். மலைக்காரர், அறுபது வயசு இருக்கும், புளி விற்க இறங்கி வந்தவர் பட்டாவுக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்து, என்னை அடையாளம் கண்டு, கதை சொல்ற அண்ணன் எங்கே என்று விசாரித்தார். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு, "மேல கூட்டிகினு வா தங்கச்சி, எங்க வூட்டுலயே டி.வி. கீது. சனம் எதிர்ல குந்துனா அவரு வாயி தன்னால தெறக்கும்" என்றார்.

பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் வேறு என்ன வழி இருந்தது, சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி பஸ்ஸில் ஏற்றினேன், அவ்வளவு லேசாக இருந்தான். காவலூர் தாண்டியதும் குளிர் ஏறியது. காளியப்பன் சாலையிலேயே நின்றிருந்தார். ஊர் பேர் வேண்டாம், அந்த ஜனங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மதியம் ரெண்டு மணி, மழை பிடித்துக்கொண்டது. காளியப்பன் வீட்டு ஜன்னல்களைச் சாத்திச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். பதினைந்து பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் அன்றைக்குப் பார்த்த சின்ன வயசுக்காரர்கள், இன்றைக்கு நரைத்துப்போனவர்கள். டி.வி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணனை உட்கார வைத்தேன், நான் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் கேட்டது அந்தப் படத்தைத்தான். போட்டேன்.

கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. மழைச் சத்தமும் புரியாத பாஷையும்தான். என்ன முட்டாள்தனம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்தப் பெண் முதல் கதவைத் தட்டினாள். தலைக்கு மேலே, "தட்டறா பாருங்க" என்று சத்தம்.

அண்ணன் குரல். ஒரு குழறல் இல்லை, இழுப்பு இல்லை. நம்புங்கள், நம்பாமல் போங்கள், அங்கே இருந்த பதினைந்து பேரும் அதைக் கேட்டார்கள். அவன் நிறுத்தவே இல்லை, காட்சிக்குக் காட்சி பழையபடியே சொல்லிக்கொண்டு போனான். நான் அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. படத்தை நான் பார்க்கவே இல்லை.

தலை தூக்கியபோது கரண்ட் போயிருந்தது. டி.வி. கறுப்பு. ஃபேன் நின்றிருந்தது, டி.வி. அடியில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்குகூட இல்லை. கரண்ட் போனால் எந்த ஊரிலும் ஒரு குரலாவது வரும். இங்கே யாரும் அசையவில்லை. அத்தனை பேரும் அந்தக் கறுப்பு டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். பயப்படுகிற இடம் வந்தபோது காளியப்பன் பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதையில் ஒன்றிப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசிக் கதவு திறந்தது, அண்ணன் கெடச்சிட்டான் என்றான். சுபம் என்று சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை.

"யாரும் எந்திரிச்சிடாதீங்க, படம் இன்னும் கீது" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "இவளப் பாருங்க. பச்சப் பொடவ கட்டிகினு கீய குந்திகினு கீறா. அண்ணன் பேசறான்னு இவளுக்கு சந்தோசம். அண்ணன் போயி ஏழு மாசம் ஆவுது, அது இவளுக்குத் தெரியாது. பக்கத்துல குந்திகினு கீறது யாருன்னு இவ இன்னும் கேக்கல."

குனிந்து என் புடவையைப் பார்த்தேன். பச்சை. அவனுக்குப் பக்கவாதம் வந்து அன்றைக்குச் சரியாக ஏழு மாசம்.

அவன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை, நான் கேட்கட்டும் என்று காத்திருக்கிற முகம். நீ யாரு என்கிற சொல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

யாரோ சாக்கை விலக்கி வெளிச்சம் வந்தபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, டி.வி. திரை நீலமாக எரிந்தது, அண்ணன் வாய் மூடி உட்கார்ந்திருந்தான். எல்லாரும் அவன் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கரண்ட் எப்போது வந்தது என்று காளியப்பன் பெண்சாதியைக் கேட்டேன்.

"கரண்டு எங்க போச்சி? கடசி வரிக்கும் பாத்தமே. அண்ணன் கெடச்சிட்டான்னாரு, அத்தோட எங்க வூட்டுக்காரரு படத்த நிறுத்திட்டாரு. நீதாம்மா அவரு காலடியிலயே தூங்கிட்ட" என்றாள்.

தூங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானும் பல நாள் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். டாக்டரும் அவர் பங்குக்கு, பேச்சு போனவர்கள் சிலசமயம் பழகின பாட்டை முழுசாகப் பாடிவிடுவது உண்டு, இதுவும் அந்த மாதிரிதான் என்று விளக்கினார். சரிதான் என்றேன்.

இறங்கி வருகிற பஸ்ஸில் பையிலிருந்த பன்னைச் சும்மா பிய்த்து நீட்டினேன். வாயைத் திறந்தான். முழு பன்னையும் தின்றான், தண்ணீர் குடித்தான். அன்றையிலிருந்து வேளை தவறாமல் சாப்பிடுகிறான். பதினோரு கிலோ ஏறிவிட்டது, டாக்டர் என் சேவையைப் புகழ்கிறார். கத்தரிக்காயைத் தொட்டாலே உடம்பு தடித்துப்போகும் என்று ஐந்து வயசிலிருந்து அதை ஒதுக்கியவன், பக்கத்து வீட்டுக்காரி தெரியாமல் ஊட்டிவிட்ட கத்தரிக்காய்க் குழம்பை ருசித்துச் சாப்பிட்டான். ராத்திரி முழுக்க உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தடிப்பு இல்லை.

இப்போது உங்களிடம் கேட்கிறேன், நான் என்ன செய்வது? கேட்டுத் தெரிந்துகொண்டால் இவனும் போய்விடுவான் என்று பயமாக இருக்கிறது. கேட்காமலே இருந்தால் என் அண்ணன் எங்கே இருக்கிறான், அவனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்கிற நினைப்பில் என் தொண்டையில் சோறு இறங்குவதில்லை. அந்தப் படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று எத்தனையோ தடவை பென் டிரைவைக் கையில் எடுத்திருக்கிறேன். சொருகினதில்லை.

இன்று காலையில் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது இட்லியில், பேசப்போகிறவர்கள் எப்படி மூச்சை உள்ளே இழுப்பார்களோ அப்படி இழுத்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். ஏழு மாசம் எந்த வாய் பேச வேண்டும் என்று கெஞ்சினேனோ அந்த வாய்க்குள் அடுத்த விள்ளலை அவசரமாகத் திணித்துவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.