முறை கேட்காத தண்ணீர்

“எந்த ஏஜென்சி மூலமா போறீங்க டீச்சர்?”

நான் பாங்கொக் போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் லயத்தில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய அந்தப் பத்து வீடுகளில், எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் விமானம் ஏறுவது வேலைக்கு. குவைத்துக்கோ சவூதிக்கோ போய், இரண்டு வருடம் யாருடைய வீட்டையோ துடைத்துவிட்டு, மெலிந்து திரும்புவார்கள். நான் வேலைக்குப் போகவில்லை, ஏப்ரல் விடுமுறையில் பத்து நாள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறேன் என்றால், “சும்மாவா?” என்று வாயைப் பிளந்தார்கள். சும்மாதான் என்றேன். ஹட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணக்கு படிப்பிக்கும், முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாத ஒருத்தி சும்மா வெளிநாடு போவதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா அப்படிக் கேட்கவில்லை. கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், வாழ்நாளில் இரண்டு தடவை கொழும்பைப் பார்த்தவர். அவருடைய கவலை வேறு. புறப்படும் அன்று காலை தலையணை உறைக்குள் கையை விட்டு, பழுப்பேறிய பிளாஸ்டிக் பையொன்றை எடுத்து நீட்டினார். உள்ளே என் பிறப்புப் பத்திரம், கிராம சேவகர் கொடுத்த கடிதம், அப்பாவின் மரணப் பத்திரம், எல்லாவற்றுக்கும் நடுவில் அம்மாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். அதற்காக ஹட்டனில் எடுத்த படத்தில் மிஞ்சிய ஒரு பிரதியும் கூடவே இருந்தது.

“இதெல்லாம் எதுக்கும்மா? பாஸ்போட் போதும்.”

“எவன் எதக் கேப்பான்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் கொண்டு போ.”

“ஒங்க பத்திரம் எனக்கு எதுக்கு?”

“நீ யாரு புள்ளன்னு கேட்டா எதக் காட்டுவ?”

இந்த விஷயத்தில் அம்மாவோடு வாதாடிப் பயனில்லை. அவர் இந்த மலையில்தான் பிறந்தார், இந்த மலையை விட்டு வேறெங்கும் குடிபோனதில்லை. ஆனாலும் அவரை இந்த நாட்டவர் என்று ஒரு காகிதம் ஒத்துக்கொண்டபோது அவருக்கு இருபத்தேழு வயது. அதுவரை அவர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. இந்தியாவிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் வாரிசுகள் என்பதால் தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். பத்திரம் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை, கண்டிக்குப் போகும் வழியில் அடையாள அட்டை இல்லையென்று அம்மாவை பஸ்ஸிலிருந்து இறக்கி, பொழுது சாயும்வரை பொலிஸ் காவலரணில் உட்கார வைத்திருக்கிறார்கள். பின்னாளில் மண் சரியும் என்று எங்கள் லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, அம்மா அரிசி மூட்டையை விட்டுவிட்டு இந்தப் பையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்திரத்தின் அசல் இது ஒன்றுதான். கெட்டுப்போனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. இதை என்னிடம் கொடுத்தனுப்புவது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் வாங்கிக்கொண்டேன்.

சீருடையைக் கண்டால் என் வாய் தானாகச் சிங்களத்துக்கு மாறிவிடும். பொலிஸ், அரசாங்கக் கச்சேரி, வங்கி என்று பழகிப்போன பழக்கம். பாங்கொக் விமான நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதிகாரியை, ஐயா என்பதற்கு “மாத்தயா” என்று கூப்பிட்டு, கடவுச்சீட்டோடு பையில் இருந்த அத்தனை காகிதத்தையும் அவர் முன்னால் பரப்பிவிட்டேன். அவர் என் பிறப்புப் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்பாவின் மரணப் பத்திரத்தையும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு கட்டாக அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, கடவுச்சீட்டில் மட்டும் முத்திரை குத்தினார். நான் அடுத்த கேள்விக்காக நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டிய பிறகுதான் கேள்வி எதுவும் இல்லை என்று புரிந்தது.

வெளியே வந்தால் வெயில். விமானத்துக் குளிருக்குப் போட்ட சுவெட்டரை நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை. வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டதுபோல் இருந்தது. குளிர்நாட்டுக்காரி மாதிரி அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.

தங்கிய இடத்தில் ஒரே அறையில் எட்டுக் கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. மற்றவர்களுக்கு அது பெரிய சாகசம். ஒரே அறையில் ஏழு பேர் படுத்து வளர்ந்த எனக்கு, ஆளுக்கொரு கட்டிலும் ஆளுக்கொரு விளக்கும் இருந்தது ஆடம்பரமாகப் பட்டது. நான் அதிர்ந்து போனது வேறு ஒன்றில். என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டிலில் இருந்த ஜெர்மன்காரப் பெண் சுடச்சுட நூடுல்ஸ் கோப்பையைக் கடவுச்சீட்டின்மேல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரிப்பு கறைபட்டுவிடக் கூடாதாம். என்னால் பொறுக்க முடியவில்லை. கோப்பையைத் தூக்கிக் கீழே வைத்து, கடவுச்சீட்டை என் துப்பட்டாவால் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் காட்டும் முகத்தோடுதான் கொடுத்திருப்பேன். அவள் கோபிக்கவில்லை. தொலைந்தால் தூதரகத்தில் இன்னொன்று தருவார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அன்று முழுக்க ஆறவில்லை. கோபமா பொறாமையா என்று இப்போது கேட்டால் பொறாமை என்றுதான் சொல்வேன்.

அவள் நல்ல பெண். மூன்றாம் நாள் காலை, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் புகாத உறையொன்றை எனக்கும் நீட்டினாள், இன்று வெளியே போனால் தேவைப்படும் என்றாள். நான் கடலில் குளிக்கப் போகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்த டீச்சர் அல்லவா.

அதற்குள் எனக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. தேநீரில் மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. செங்கல் நிறத்தில், பால் ஊற்றி, ஐஸ் போட்டு, உறிஞ்சுகுழாயோடு கொடுத்தார்கள். கொழுந்து பறித்த வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒன்றைக் கொடுக்கலாமா? மற்றபடி மனிதர்கள் மெதுவாகப் பேசினார்கள், செருப்பை வாசலில் விட்டார்கள், மரத்தடியில் தெய்வத்துக்குப் பூ வைத்தார்கள். கொழும்பில் ஹட்டன் என்று சொன்னதும் “தோட்டமா?” என்று ஒரு கேள்வி வரும், கூடவே முகம் கொஞ்சம் மாறும். இங்கே இலங்கை என்றாலே எங்கே என்றுதான் கேட்டார்கள். நான் வெறுமனே ஒரு வெளியூர்க்காரி. அந்தச் சுகத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

எங்கள் சித்திரை வருசமும் அவர்களுடைய புது வருசமும் அடுத்தடுத்த நாட்களில் வருகின்றன என்று தெரியும். அன்றைக்குத் தெருவில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று தெரியாது. அறையில் விட மனமில்லாமல் துணிப்பைக்குள் போட்டுக்கொண்ட அம்மாவின் பையோடு தெருமுனையைத் திரும்பினேன். என் வயதிருக்கும் ஒரு ஆள், நல்ல உயரம், சிரித்துக்கொண்டே வந்து, தலையைக் குனிந்து மரியாதையாக வணங்கிவிட்டு, ஒரு வாளி ஐஸ் தண்ணீரை என் தோளில் ஊற்றினான்.

எங்கள் தோட்டத்திலும் தண்ணீர் ஊற்றுவது உண்டு. மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் மஞ்சள் தண்ணீர். ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாமன் மகன், அத்தை மகன் என்று முறையுள்ளவன்தான் ஒரு பெண்மேல் ஊற்றலாம். அண்ணன் தம்பி முறை வந்தால் வாளியைக் கீழே வைத்துவிட வேண்டும். முறையில்லாதவன் ஊற்றினால் அன்றைக்கு அடிதடி நிச்சயம், போன வருடம்கூட ஒருவனுக்குப் பல் போனது. அந்த நினைப்பில், பாங்கொக்கின் நடுத்தெருவில், ஈரம் சொட்டச் சொட்ட அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

“டேய், நீ எனக்கு என்னடா மொற?”

அவன் மிரண்டு போனான். சுற்றியிருந்தவர்கள் அதையும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி ஊற்றினார்கள். அப்போதுதான் துணிப்பையிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தேன். அந்தப் பழைய பிளாஸ்டிக் எப்போதோ மடிப்பில் கிழிந்திருக்கிறது.

பக்கத்தில் ஒரு நூடுல்ஸ் கடை. உள்ளே ஓடி மேசையில் எல்லாவற்றையும் கொட்டினேன். காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று இருந்தன. பிரிக்கப் போனால் கிழிந்துவிடும் என்ற பயத்தில் தொடாமல் நின்று அழுதேன், சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக.

கடைக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கன்னத்தில் பண்டிகைக்காக யாரோ பூசிவிட்ட வெள்ளைச் சாந்து, தலை முழுக்க ஈரம். என்னை விலக்கிவிட்டு, இரண்டு நூடுல்ஸ் குச்சிகளை எடுத்து, ஒவ்வொரு தாளாக நோகாமல் பிரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி மூன்று மேசைகளைக் காலி செய்து, மின்விசிறிக்குக் கீழே தாள்களை விரித்து, மூலைக்கு ஒரு சோஸ் போத்தல் வைத்தார். யாரும் முணுமுணுக்கவில்லை, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். என்னிடம் சட்டைப்பிடி வாங்கியவனும் பின்னாலேயே வந்து, திரும்பத் திரும்பக் கும்பிட்டுவிட்டு, ஒரு சட்டி மூடியால் தாள்களுக்கு விசிறத் தொடங்கினான்.

கடைக்காரம்மா அம்மாவின் படத்தை எடுத்துப் பார்த்தார். என்னைக் காட்டி, படத்தைக் காட்டி, அம்மாவா என்பதுபோல் கையால் கேட்டார். தலையாட்டினேன். படத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, அதை மட்டும் சுவரில் உயரமாகச் சாய்த்து வைத்தார்.

பத்திரத்தில் தட்டச்சு எழுத்தெல்லாம் அப்படியே நின்றது. அம்மாவின் பெயர் இருந்தது. அடியில், நீல மையில் அதிகாரி போட்ட கையெழுத்து மட்டும் கரைந்து ஒரு திட்டாகிப் போயிருந்தது.

காய இரண்டு மணி நேரமாகும் என்று கடிகாரத்தைக் காட்டிய கடைக்காரம்மா, என்னை முதுகில் கைவைத்து வெளியே தள்ளினார். அத்தனை காகிதத்தையும் முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு நான் தெருவில் நின்றேன். முதல் பத்து நிமிடம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு யாரோ என் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். அதற்குமேல் நடந்ததை என் மாணவிகளுக்குச் சொல்ல மாட்டேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன், முறை கேட்காமல் ஊருக்கே ஊற்றினேன்.

வீடு திரும்பியதும் அம்மா பையைத்தான் முதலில் கேட்டார். விமானத்தில் ஒத்திகை பார்த்த பொய்கள் எதுவும் வாயில் வரவில்லை. அடுப்படியில் பாயை விரித்து, தாள்களை வரிசையாக வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தாளையும் அதன் மடிப்பால் அடையாளம் தெரியும். பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்து, நீலத் திட்டின்மேல் விரலை வைத்தார். நான் ஏச்சுக்காகக் காத்திருந்தேன்.

“கையெழுத்துப் போட்ட ஆளு இன்னேரம் செத்துப் போயிருப்பாரு,” என்றார் கடைசியில். “நாம இருக்கோம்ல.”

பிறகு சட்டையைப் பிடித்த கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஆளு எப்பிடி, நல்லா இருந்தானா?” என்று வேறு கேட்டார். நான் முறைத்தேன். சிரிப்பு அடங்கியதும், தாளை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“அங்க வயசானவங்க மேலயும் ஊத்துறாங்களா?”

“அவங்களுக்குத்தான் மொதல்லம்மா. கையில பூத்தண்ணி ஊத்திக் கும்புடுறாங்க.”

“என்னய மாதிரி ஆளுங்களுக்கு?”

அப்பா இறந்து பதின்மூன்று வருடம். மஞ்சள் தண்ணீர் அன்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார், முழங்கால் வலி என்பார். வெளியே வந்து நின்றாலும் தாலி இல்லாதவள்மேல் எந்த மச்சினனும் ஒரு சொட்டு ஊற்றமாட்டான். பதின்மூன்று வருடமாக நான் அந்த முழங்கால் வலியை நம்பியிருக்கிறேன். அதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

“அங்க யாரும் அதெல்லாம் கேக்கறதில்லம்மா,” என்றேன்.

அம்மா பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இப்பிடிக் கரைஞ்சு போச்சே. இத வச்சு எனக்கும் ஒரு பாஸ்போட் குடுப்பாங்களா?”

கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

“குடுப்பாங்க,” என்றேன். “குடுக்குற வரைக்கும் நான் அந்த ஆபீஸ் வாசல விட்டு எந்திரிக்க மாட்டேன்.”