பச்சைச் சட்டை ஆவுடைத்தாய்

ஊர் விலக்கில் கார் திரும்பும்போது ஆவுடைத்தாய் தன்னையே பார்த்தாள். சாலையோரத்தில் கம்பு நட்டுக் கட்டிய பேனரில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகம் அவளுடையதுதான். மூக்குத்தியும் புருவத்துக்கு மேலே உள்ள தழும்பும் சரியாக இருந்தன. கழுத்துக்குக் கீழே இருந்தது யாரென்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் அவள் புருஷன் மாரிராஜ், பிறந்ததிலிருந்து ஒருநாளும் கோட்டு போட்டறியாத மனுஷன், நீலக் கோட்டும் டையுமாக நின்றான். அடியில் ‘புதுமனை புகுவிழா, அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்து.

“இது யாருங்க?” என்று கேட்டாள்.

“ஏன், ஒன்னய ஒனக்கே தெரியலையாக்கும்?” முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மாரிராஜ் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

அவள் நர்சும் இல்லை, டாக்டரும் இல்லை. மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலை. வார்டுத் தரையைத் துடைப்பது, கக்கூஸ் கழுவுவது, அழுக்கு விரிப்புகளை வாரிப் பையில் போட்டுக் கட்டுவது. ஏழு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். மகள் வனிதா கோவில்பட்டியில் காலேஜுக்குப் போவது அந்த வேலையில்தான். சொந்த ஊரான எப்போதும்வென்றானில் இப்போது பால்காய்ப்பு நடக்கப்போகிற வீடு எழும்பியதும் அதே வேலையில்தான். இது ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியாது. மாரிராஜ் தெரியவிடவில்லை.

அதற்காக அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிடக் கூடாது. பெண்டாட்டி கடல் கடந்து போன பிறகு சோறு பொங்கி, மகளுக்குத் தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பியவன். தெருக்குழாயில் பொம்பளைகளோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவன். அதற்கெல்லாம் வெட்கப்படாத மனுஷனுக்கு ஒரே ஒரு வெட்கம், பெண்டாட்டி பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு கக்கூஸ் கழுவுகிறாள் என்பது. டீக்கடையில் எவனோ, “ஆஸ்பத்திரின்னா, நர்சா?” என்று கேட்டிருக்கிறான். இவன் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டியிருக்கிறான். அன்றைக்கு ஆட்டிய தலைதான் இன்றைக்கு விலக்கில் பேனராக நிற்கிறது.

ஆவுடைத்தாயும் அப்படியொன்றும் துணிச்சலோடு பிறந்தவள் இல்லை. சின்ன வயதில் வேனில் ஏறிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். கல்யாணமாகி வந்தபின் மானாவாரிக் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் பருத்தியும் என்று மாடாய் உழைத்தாள். அடுத்தடுத்து மழை பொய்த்துப்போய், விதைத்ததை வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் போன வருஷம்தான் மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். போகிறேன் என்று சொன்னவளை யாராலும் தடுக்க முடியவில்லை.

அங்கே முதல்நாள் கையில் கொடுத்தது பச்சைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும். சட்டையில் கம்பெனிப் பேரும், அதற்குக் கீழே அவள் பேரும் தைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அறைக்கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. உடம்பு முழுக்க மூடித்தான் இருந்தது, ஆனாலும் ஒன்றுமே உடுத்தாத மாதிரி கூசியது. ஒரு துண்டை எடுத்து மாராப்பு மாதிரி மேலே போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தாள். அறையில் கூட இருந்த மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ்காரி துண்டை மெதுவாக உருவி மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த மரிசெல்லைப் பார்த்துத்தான் ஆவுடைத்தாய் வாயைப் பிளந்தாள். அவளுக்கும் அதே வேலை, அதே பச்சைச் சட்டை. ஆனால் அவள் அந்தச் சட்டையோடுதான் கடைக்குப் போவாள், அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்கு வீடியோ கால் போடுவாள். அவள் அம்மா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறாளாம். ஆவுடைத்தாயோ வேலை முடிந்ததும் அவசர அவசரமாகச் சேலைக்கு மாறினால்தான் போனையே கையில் எடுப்பாள்.

ஆனாலும் நாள்பட நாள்பட அந்தச் சட்டை அவள் உடம்போடு சேர்ந்துவிட்டது. குனிய நிமிரத் தோதாக இருந்தது. முந்தானை நழுவுகிற பயம் கிடையாது. அந்தச் சட்டையோடு போனால் எந்த வார்டுக் கதவும் திறந்தது, எவனும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி நடையில் மாப்பைப் பிடித்தபடி அவள் நின்றதை மரிசெல் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். ஆவுடைத்தாய் அதை யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவும் மனசு வரவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் ஊர் திரும்பும்போது திருவனந்தபுரம் ஏர்போர்ட் பாத்ரூமில் பட்டுச்சேலைக்கு மாறிவிட்டுத்தான் ரயிலேறுவாள். ஆகவே புருஷனை மட்டும் குற்றம் சொல்ல அவளுக்கும் வாய் இல்லை. பேனரைப் பார்த்துக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டாள். விசேஷம் முடிந்ததும் கழற்றிவிடப் போகிறார்கள், போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பக்கத்துவீட்டு முத்துமாரியம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். மகன் திருப்பூரில் இருக்கிறான், இங்கே தனிக்கட்டை. வந்தவள் உட்கார்ந்து, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். வாடை குப்பென்று அடித்தது. பெருவிரல் கறுத்துப்போய், சுற்றிலும் சீழ் கோத்திருந்தது.

“என்ன சித்தி இது! எத்தன நாளா இப்படி இருக்கு? ஆஸ்பத்திரிக்குப் போவலையா?”

“எதுக்குட்டி அங்கன போயிக் கால்கடுக்க நிக்கணும்? நீ வருதேன்னு மாரி சொன்னான். நம்ம வீட்டு நர்சு இருக்கையில வெளிய எதுக்குன்னு இருந்துட்டேன். சுகர் இருக்கு எனக்கு. ஒரு ஊசியப் போட்டு, மருந்து வச்சுக் கட்டிவிடு தாயி.”

ஆவுடைத்தாய் தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள். மாரிராஜ் வாசல்படியில் நின்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“வண்டி பிடிங்க” என்றாள் அவள். “நீங்களும் வாங்க.”

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைப் பார்த்த மாத்திரத்தில் அட்மிஷன் என்று சொல்லிவிட்டாள். சின்ன வயசுக்காரிதான், ஆனாலும் கோபத்தில் அதட்டினாள். “இவ்வளவு நாள் வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? யாரு பார்த்துக்கிட்டாங்க?”

முத்துமாரியம்மாள் வலியிலும் ஒரு பெருமையோடு கையைக் காட்டினாள். “இந்தா, இவதான். மஸ்கட்ல நர்சு.”

“நீங்க நர்ஸா?” டாக்டரம்மா ஆவுடைத்தாயைப் பார்த்தாள்.

பின்னால் மாரிராஜ் நிற்பது ஆவுடைத்தாய்க்குத் தெரியும். அவன் மூச்சை இழுத்துப் பிடித்ததுகூடக் காதில் விழுந்தது. “இல்ல டாக்டர். நான் அங்க தரை துடைக்கிறவ. சித்திக்கு அது தெரியாது. நாங்க சொல்லல” என்றாள்.

முத்துமாரியம்மாள் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு விரலை எடுத்தால் பாதம் தப்பிக்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். மாரிராஜ் சுவரோரம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து அழுதான். ஆவுடைத்தாய்க்கும் அழுகை வந்தது, ஆனால் அழுதால் உள்ளே இருக்கிற கோபமெல்லாம் அழுகையோடு கரைந்து போய்விடும் என்று பயந்தாள். அந்த இடத்தில் அவள் ஒன்றை முடிவு பண்ணினாள். தான் பார்க்கிற வேலையை, நாலு பேர் முன்னால், புருஷன் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அந்தப் புது வீட்டுக்குள் குடி போவதில்லை.

திருப்பூரிலிருந்து முத்துமாரியம்மாளின் மகன் வந்து சேர்ந்ததும், ஆவுடைத்தாய் நேராக மாரிராஜைக் கூட்டிக்கொண்டு, பேனர் அடித்துக் கொடுத்த வாசிமின் பிளக்ஸ் கடைக்குப் போனாள். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் சின்னக் கடை.

“பேனரை மாத்தணும் தம்பி. அந்த வெள்ளைக் கோட்டு வேண்டாம்.”

வாசிம் பதறிப்போனான். “ஏன்க்கா, எடுப்பாத்தான இருந்துச்சு? நான் எல்லாருக்கும் கோட்டுதான் போடுதேன். ஆடு மேய்க்கிற அண்ணாச்சிக்குக்கூடப் போட்டுக் கொடுத்தேன், ஒருத்தரும் கொற சொல்லலையே!”

அவள் போனை நீட்டினாள். மரிசெல் எடுத்த போட்டோ. பச்சைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் மாப். “இத அப்படியே போடுங்க. ஒண்ணையும் அழிக்கக் கூடாது.”

வாசிம் படத்தைப் பார்த்தான், பிறகு மாரிராஜைப் பார்த்தான். மாரிராஜ் தரையைப் பார்த்தான். “அண்ணாச்சிக்குக் கோட்டு?” என்று இழுத்தான் வாசிம்.

“எனக்கும் வேண்டாம்” என்றான் மாரிராஜ். அவ்வளவுதான் அவனால் அன்றைக்கு முடிந்தது.

புதுப் பேனர் வந்து இறங்கியபோது வீட்டில் சண்டை வெடித்தது. மாரிராஜின் அக்கா பொன்மணி விசேஷத்துக்கு முன்கூட்டியே வந்திருந்தாள். பேனரை விரித்துப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “கட்டுன பொம்பள பேண்ட மாட்டிக்கிட்டு, கையில தொடப்பத்த வேற பிடிச்சுக்கிட்டு நிக்கா! இத ரோட்டுல கட்டுனா எங்க வீட்டுப் பேரு என்னாவும்? நாளைக்கு வனிதாவ எவன்ட்டி கேட்டு வருவான்?”

“பேண்டுதான ஒங்களுக்குக் குத்துது மதினி?” ஆவுடைத்தாய் சத்தத்தை உயர்த்தவில்லை. “மக்காச்சோளக் காட்டுக்கு நீங்க என்னத்தப் போட்டுட்டுப் போவீங்க?”

பொன்மணி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஒங்க வீட்டு அண்ணாச்சியோட முழுக்கைச் சட்டையத்தான? நானும் இவிய சட்டையத்தான் சேலைக்கு மேல போட்டுட்டுப் போனேன். இந்த ஊருல காட்டு வேலைக்குப் போற பொம்பள எவ புருஷன் சட்டை போடாமப் போறா? சோளச் சோகை கைய அறுக்கும், வெயிலு பொசுக்கும், போடுதோம். அப்ப யாருக்கும் மானம் போவல. இது மட்டும் என்ன? அது ஓசிச் சட்டை. இது எனக்குன்னு அளவெடுத்துக் கொடுத்தது, எம் பேரு தச்சிருக்கு.”

“அது நம்ம காடு. யாரு பாக்கப் போறா?”

“அப்போ யாரு பாக்காங்கிறதுதான் ஒங்களுக்குக் கணக்கு. அதத்தான் இவியளும் பாத்தாவ. முத்துமாரிச் சித்திக்கு ஒரு வெரலு போச்சு மதினி. இன்னும் யாருக்கு என்ன போகணும்?”

பொன்மணி முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், காப்பிப் பாத்திரத்தை டமால் டமால் என்று வைத்துத் தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்டாள். வனிதாதான் பேனரின் ஒரு மூலையைப் பிடித்தாள். மறுமூலையை வந்து பிடிக்க மாரிராஜுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் வந்து பிடித்தான். விலக்கில் இருந்த பழைய பேனரை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பந்தல் வாசலிலேயே புதியதைக் கட்டினார்கள்.

பால்காய்ப்பு அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் பந்தலிலேயே நின்றாள். அடுப்பு கூட்டியாகிவிட்டது, பால் தயாராக இருந்தது, பொன்மணி உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். “நீங்க சொல்லுங்க, நான் உள்ள வாரேன்” என்று புருஷனிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவள் அசையவில்லை. மாரிராஜ் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் துண்டு நனைந்துவிட்டது.

அப்போதுதான் தங்கச்சாமி மாமா வந்தார். மாரிராஜின் தாய்மாமன். மணியாச்சியில் ரயில்வேயில் இருந்தவர், காது சுத்தமாக மந்தம். தனக்குக் கேட்காததால் யாருக்குமே கேட்காது என்று நினைத்து, எப்போதும் உச்சத்தில்தான் பேசுவார். பேனருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஏலே மாரி, இது நம்ம ஆவுடைல்லா! என்ன வேலையில இருக்கா?”

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. மாரிராஜ் அவர் பக்கத்தில் போய்க் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான்.

“என்னது?”

மறுபடியும் சொன்னான். “கேக்கலைலே! வாய்க்குள்ளயே சொன்னா எப்படி? சத்தமாச் சொல்லு!” என்று கத்தினார் மாமா.

மாரிராஜ் நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. பிறகு கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்.

“கிளீனிங் வேலை மாமா! மஸ்கட்ல ஆஸ்பத்திரியில தரை துடைக்கா! கக்கூஸ் கழுவுதா! நர்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்!”

சமையல்காரர்கூடக் கரண்டியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். மாமா ஒன்றும் அதிரவில்லை. வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தார், மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“சரி. இந்த வீடு யாரு கட்டுனா?”

“அவதான் மாமா!”

மாமாவுக்கு நன்றாகவே கேட்டுவிட்டது, தலையை ஆட்டினார். ஆவுடைத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் படியில் கால் வைத்தாள். பின்னால் மாரிராஜ், யாரும் கேட்காமலே, அதே சத்தத்தில் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தான்.

“அவதான் கட்டுனா.”