ஓடைக்குள் தள்ளிய மரங்கள்

மண் தோண்டும் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தவள் அவன் அக்காதான். "வண்டியோட கை இவன் சொன்னா ஆடும். இவன் யார் சொன்னாலும் ஆடுவான்" என்பாள். கான்ட்ராக்டர் காட்டிய இடத்தில் தோண்டுவான், மூடச் சொன்னதை மூடுவான். ஏன் என்று கேட்டவர்களுக்கு அங்கே மறுநாள் வேலை இருந்ததில்லை.

அந்தக் கோடையில் பேருக்குக்கூட மழை இல்லை. மலைப்புல் சருகாகி, ஒரு மதியம் பற்றிக்கொண்டது. தீ ஊருக்குள் இறங்காமலிருக்கச் சரிவின் குறுக்கே மரங்களைச் சாய்த்துத் தரையை மொட்டையாக வழிக்கச் சொன்னார்கள்.

"மரத்தையெல்லாம் எங்க போடுறதுங்க?"

"ஓடையில தள்ளு. காய்ஞ்சுதானே கிடக்கு? லாரி வாடகையை உங்கப்பனா கொடுப்பான்?" என்றார் கான்ட்ராக்டர்.

தள்ளினான். மொட்டைத் தரையில் தீ நின்றது. கான்ட்ராக்டருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தபோது தும்பிக்கை வெளியே வண்டிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரமே நடுப்பகலில் மலை உச்சியில் மேகம் கறுத்தது. ஜனங்கள் சந்தோஷமாகத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். வெள்ளத்தடுப்பு அலுவலக இன்ஜினியர் அம்மா மட்டும் கான்ட்ராக்டர் கொட்டகைக்கு ஓடிவந்தார்.

"வெந்த மண்ணு தண்ணி குடிக்காதுங்க. பெய்ஞ்சது அத்தனையும் அப்படியே உருண்டு வரும். ஓடை மேல இருக்கிற சிறுபாலத்து வாயை உங்க மரம் அடைச்சிருக்கு. தண்ணி கரையேறி வீடுகளுக்குள்ள பாயும். உடனே எடுங்க."

"எழுத்துல உத்தரவு கொண்டாங்கம்மா. ஓடையில இறக்கி வண்டி போச்சுன்னா யார் பொறுப்பு? மழை கடவுள் கொடுக்கிறது. கூடக் கொடுத்தா நாம என்ன பண்ண?"

மரத்தை ஓடையில் தள்ளச் சொன்னது கடவுள் அல்ல, மிச்சம் பிடித்த லாரி வாடகை. பழி மட்டும் வானத்தின் தலையில். மேட்டில் வீடு கட்டியவனுக்கு இந்தப் பக்தி செலவில்லாதது. தும்பிக்கையின் அக்கா வீடு பாலத்துக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில் இருந்தது. உள்ளே படுத்த படுக்கையாக மாமா.

போன் செய்தான். "அக்கா, மாமாவைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போயிடு."

"அவரு என்ன தலகாணியாடா? நாலு ஆள் வேணும். ஊரே மழையில ஆடப் போயிருக்கு. உன் வண்டியைக் கொண்டா, அள்ளிப் போட்டுக்கலாம்."

மலையில் இடி உருண்டது. பாலத்து அடைப்பை எடுத்துவிட்டால் யாரையும் தூக்க வேண்டியதில்லை. தும்பிக்கை வண்டியில் ஏறினான்.

"டேய், சாவியைக் குடு. எடுத்தேன்னா வேலை போச்சு!"

"வந்து தரேங்க."

இன்ஜினியர் அம்மா படியில் தொற்றிக்கொண்டார். பாலத்தடியில் இறங்கி, கரைமேட்டில் நின்றார். "மேல தண்ணி தெரிஞ்சா குடையை ஆட்டுவேன். உடனே ஏறிடணும்."

ஒவ்வொரு மரமாக இழுத்துக் கரையில் போட்டான். கடைசியாக ஒரு பெருமரம் பாலத்து வாயில் குறுக்கே இறுகிக் கிடந்தது. இழுத்தான், வண்டிதான் நகர்ந்தது. குடை ஆடியது. "ஏறுய்யா!" இன்னொரு இழுப்பு. சாம்பல் கரைந்த கறுப்பு நீர் வளைவில் திரும்பி வந்து வண்டியின் இடுப்பில் மோதியது. மரம் முறிந்து கழன்றது. பாலத்தின் வாய் தண்ணீரை மடக்மடக்கென்று விழுங்கத் தொடங்கியது. வண்டி சாய்ந்தபோது அதன் இரும்புக் கை கரையில் ஊன்றியிருந்தது. அந்தக் கையின் மேல் தவழ்ந்து வெளியே வந்தான். திரும்பிப் பார்த்தால் வண்டி கவிழ்ந்துவிட்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் கான்ட்ராக்டர் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டார். சாட்சி சொல்வதாக இன்ஜினியர் அம்மா சொன்னார். சாட்சி வேலையைத் திருப்பித் தராது.

அக்கா வீட்டில் கட்டில் கால் மட்டும் நனைந்திருந்தது. மாமா கட்டிலிலேயே இருந்தார்.

"வேலை போச்சாமே?" என்றாள் அக்கா.

"ஆமா."

"யார் சொல்லிடா போய் எடுத்தே?"

"யாரும் சொல்லலே."

அக்கா வாளியை நீட்டினாள். "சரி, இதையாவது நான் சொல்லிக்கிறேன். சேத்தை வாரு."