சிவப்புச் செங்கல் நீதிமன்றமும் நான் மறைக்கச் சொன்ன படமும்

பயணத்துக்கு முதல்நாள் மாலையே கட்டுரையின் தலைப்புகளை எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். இம்முறை எழுதியவை கீழே உள்ளன. திரும்பி வந்தபின் ஒன்றையும் மாற்றவில்லை.

1. ஏன் போனோம்
2. வழி, தூரம், செலவு
3. ஷயரின் வரலாறும் நீதிமன்றக் கட்டடமும்
4. நீதிமன்றத்தில் நடந்துகொள்ளும் முறை: கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லவேண்டும், தானாக எதையும் சொல்லக்கூடாது
5. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மெல்பேர்னுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூருக்குப் போய் வந்தேன். அங்குள்ள பழைய நீதிமன்றத்தைப் பார்க்க இரண்டு வருடமாக எண்ணம் இருந்தது. தனியாகப் போகத் துணிவு வரவில்லை. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. என்னோடு வந்தவரின் வழக்கு அன்று அங்கே நடந்தது என்பதே காரணம். அவர் அனுமதியோடு எழுதுகிறேன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தயாபரன் மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் என் வீட்டின் பின்பக்கத்து இரண்டறை வீட்டில் வாடகைக்கு இருப்பவர். புகலிடம் தேடிப் படகில் வந்தவர், இன்னும் தற்காலிக விசாதான். வேலை ஒரு கோழிப்பண்ணையில். காலை ஐந்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அந்த வழியில் பஸ் கிடையாது. ஒருநாள் விடியப்புறம் கங்காரு ஒன்று குறுக்கே பாய, வண்டியை வெட்டித் திருப்பி, ஒரு மாட்டுப்பண்ணையின் வேலியை இடித்துவிட்டார். கவனமின்றி ஓட்டியதாக வழக்கு. லைசன்ஸ் பறிபோனால் வேலையும் போகும், ஊரில் இருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அனுப்ப ஒன்றும் இராது.

"அங்கிள், நீங்கள் பக்கத்தில இருந்தாப் போதும். ஒண்டும் பேசத் தேவையில்லை" என்றார்.

பேசத் தேவையில்லை என்றதால்தான் ஒப்புக்கொண்டேன்.

காலை 6.50க்குப் புறப்பட்டோம். தூரம் 104 கிலோமீற்றர். சாதாரணமாக ஒன்றேகால் மணித்தியாலம் போதும், எங்களுக்கு ஒன்றே முக்கால் ஆனது. நூறில் போகக்கூடிய தெருவில் தயாபரன் எண்பதைத் தாண்டவில்லை. பனிமூட்டம் வேறு. பின்னால் வந்த பால் லொறி இருமுறை ஹோர்ன் அடித்தது. பெற்றோல் 19 டொலர், வழியில் ஒரு பேக்கரியில் இரண்டு தேநீர் 9 டொலர்.

பேக்கரியில் தயாபரன் தொலைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். நான்கு புதுக் கட்டைகள், அவற்றுக்கிடையே கம்பியை இழுத்தபடி அவர். விபத்துக்கு அடுத்த சனிக்கிழமை, யாரும் கேட்காமலே போய், தன் செலவில் வேலியைத் திருத்தியிருக்கிறார். முதலில் நாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரி, பிறகு தானே படம் எடுத்து அனுப்பினாராம்.

"உதைக் கோட்டில காட்டட்டோ, அங்கிள்?"

"காட்டாதையும். வேலியைத் திருத்தினனீர் எண்டால் பிழை உம்மிலதான் எண்டு நீரே எழுதிக் குடுத்த மாதிரி."

"பிழையெண்டு ஒப்புக்கொள்ளத்தானே போறம்?"

"எண்டாலும் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். வாய் குடுக்கக் கூடாது."

யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். காணி உறுதிப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ தடவை கோட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு வசனம் கூடுதலாகச் சொல்லித் தோற்ற மனிதரைக் கண்டிருக்கிறேன். தயாபரன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

இனி வரலாறு. ஷயர் என்பது நம்மூர்ப் பிரதேச சபை போன்றது. பழங்குடி மக்களின் நிலமாக இருந்த இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொன் தேடி வந்தவர்கள் ஓடையைக் கிண்டினார்கள். பொன் தீர்ந்ததும் மரம் வெட்டினார்கள், மரம் தீர்ந்ததும் பால்மாடு வளர்த்தார்கள். தொடக்கத்தில் வழக்குகள் விடுதி ஒன்றின் சாப்பாட்டறையில் நடந்தனவாம். பிறகுதான் இந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் எழுந்தது. சபை மண்டபத்தைவிட இது மூத்தது. பக்கத்து ஷயரோடு இணைத்தபின் சபை வேறு ஊருக்குப் போய்விட்டது, நீதிமன்றம் மட்டும் மாதம் ஒருநாள் இங்கே கூடுகிறது. பழைய எழுதுவினைஞர் அறையில் சிறிய கண்காட்சி இருக்கிறது. அனுமதி இலவசம்.

எல்லோரையும் பத்து மணிக்கு வரச்சொல்வார்கள். எங்களை அழைத்தபோது 11.40. அதற்குமுன், இலவசமாக உதவும் இளம்பெண் சட்டத்தரணி தயாபரனோடு ஏழு நிமிடம் பேசினார். சொல்ல வேறேதும் உண்டா என்று கேட்டார். தயாபரன் என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

நீதவானும் ஒரு பெண்தான். மொழிபெயர்ப்பாளர், அவரும் பெண், தொலைபேசியில் இருந்தபடி மேசை ஒலிபெருக்கி வழியே பேசினார். இந்தியத் தமிழ்.

"விபத்துக்கப்புறம் நீங்க ஏதாவது செஞ்சீங்களான்னு கேக்கிறாங்க சார்."

தயாபரன் திரும்பி என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டார்கள், என் விதிப்படியே அவர் மறுமொழி சொல்லலாம். நான் தலையை ஆட்டினால் போதும். நான் குறிப்புப் புத்தகத்தைக் குனிந்து பார்த்தேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

அவர் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் லைசன்ஸை இடைநிறுத்த யோசிப்பதாகவும், பதினைந்து நிமிட இடைவேளைக்குப் பின் முடிவு சொல்வதாகவும் கூறி நீதவான் எழுந்தார்.

தயாபரனின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்காட்சி அறைக்குள் போனேன். கண்ணாடிப் பெட்டியில் ஒரு விண்ணப்பம். வட இந்தியாவிலிருந்து வந்து பண்ணை பண்ணையாகத் துணி விற்ற ஒருவர், வியாபார லைசன்ஸ் கேட்டு இதே நீதிமன்றத்தில் கொடுத்தது. அடியில் ஏழு பண்ணைக்காரரின் கையெழுத்து: இவரை அறிவோம், நேர்மையானவர். அங்கிருந்த தொண்டர் ஒரு வயதான அம்மா. இவை இல்லாமல் லைசன்ஸ் கிடைத்திராது என்றார். முன்பின் தெரியாத ஆளை நீதவான் வேறெப்படி அறிவார் என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, தூசி தட்டப் போய்விட்டார்.

கடிகாரம் பார்த்தேன். ஆறு நிமிடம் மீதி. நடைபாதையில் சட்டத்தரணி வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே புகுந்து பேசுவது என் சுபாவம் அல்ல. இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு "ஃபென்ஸ்" என்றேன். அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. தயாபரனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "படத்தைக் காட்டும்" என்றேன்.

சட்டத்தரணி படத்தைப் பார்த்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று தயாபரனிடம் கேட்டார். நான்தான் தடுத்தேன் என்று, இலக்கணம் பார்க்காமல், சொல்லிமுடித்தேன்.

மீண்டும் கூடியதும் சட்டத்தரணி கொடுத்த படத்தை நீதவான் வெகுநேரம் பார்த்தார். யார் எடுத்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேலிக்காரி" என்றார் தயாபரன். ஒலிபெருக்கியில் அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி மொழிபெயர்த்தார். 350 டொலர் அபராதம். லைசன்ஸில் கைவைக்கவில்லை. வேலியை முன்னிட்டு என்று நீதவான் தெளிவாகவே சொன்னார்.

திரும்பும்போது தயாபரன் தொண்ணூற்றைந்தில் ஓட்டினார்.

"பேசத் தேவையில்லை எண்டெல்லோ உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான், அங்கிள்."

"ஓம்."

"உங்களைப் பேச விட்டது என்ர பிழைதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகிறவர்களுக்கு: வாகனம் நிறுத்த இடம் பின்பக்கம், இலவசம். கண்காட்சி நீதிமன்ற நாளில் பத்து மணி முதல் இரண்டு வரை. நீதிமன்றத்துக்குள் போகும்போதும் வரும்போதும் நீதவானை நோக்கித் தலை தாழ்த்தவேண்டும், உள்ளே படம் எடுக்கக்கூடாது. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வழக்குக்காகப் போகிறவர்கள், நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் தலைப்பில் எழுதியது பிழை. பாதிப் பிழை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். கேட்டபோதும் நான் அவரைப் பேசவிடவில்லை. அது விதியல்ல, என் பயம். அதை வாழ்நாள் முழுக்க விதி என்று நினைத்திருந்தேன்.